பன்னும் டீயும் கொடுத்த கூட்டம்

அடையாறு ஆற்றோரம்,
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் அக்கா வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை.

நம் வீடுகளை இடிக்க நாமே சம்மதித்தோமாம். அறுபத்திரண்டு கையெழுத்தை அதிகாரிகள் கோர்ட்டில் காட்டிவிட்டார்கள். அவர்கள் நடத்திய கூட்டத்தில் சங்கச் செயலாளராக நீங்கள் வாங்கியவை. "பன்னு, டீ குடுக்குறாங்க, வந்ததுக்கு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்றுதானே சொன்னீர்கள்? முதலில் போட்டவள் நான்.

அடுத்த மாதம் ஜெனீவா போகிறேன். ஏழெட்டு நாட்டுக் குடிசைக்காரர்கள் சேர்ந்து, வெளியேற்றம் பற்றிய உலக விதிகளில் ஒரு வரி சேர்க்கக் கேட்கிறோம்: கூட்டத்துக்கு வந்ததற்கான கையெழுத்து சம்மதம் ஆகாது. நடந்ததை நீங்கள் எழுதிக் கொடுத்தால் பலம். கொடுப்பீர்களா?

பொன்மணி

ஆதம்பாக்கம்,
10.2.2025

பொன்மணிக்கு,

சாப்பாடு பரவாயில்லை. முட்டிவலிதான் கொல்கிறது.

என்ன எழுதச் சொல்கிறாய்? ஏமாந்தேன் என்றா, ஏமாற்றினேன் என்றா? எப்படி எழுதினாலும் காறித் துப்புவார்கள். புதுக் குடியிருப்பில் எனக்குத் தரைத்தளம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதினால் அதுவும் போச்சு. ஐந்து மாடி ஏற என்னால் ஆகுமா? உலகச் சட்டம் உனக்கெதற்கு?

அசோகன்

ஜெனீவா,
18.3.2025

மாமாவுக்கு,

இதைப் படமெடுத்து உங்கள் அக்கா போனுக்கு அனுப்புகிறேன். குளிரில் பல் தந்தியடிக்கிறது.

பன்னு கதையைச் சொன்னதும் மணிலாவிலிருந்து வந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் ஊரில் அரிசிப் பையாம். நைரோபியிலிருந்து வந்தவள் ஊரில் பனியனாம். அப்புறம் மூவரும் அழுதோம்.

விதிகளை எழுதும் குழுவில் ஒருவர் கேட்டார்: "கையெழுத்து வாங்கியவர் என்ன சொல்கிறார்?" அவர் என் வீட்டுக்காரர் என்பதை மறைத்துவிட்டேன், மாமா. அந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்கள். இனி உங்களைக் கேட்கமாட்டேன்.

பொன்மணி

அடையாறு ஆற்றோரம்,
20.3.2025

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ஆற்றோரக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அசோகன் எழுதுவது.

அறுபத்திரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கியவன் நான். தாளின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அப்புறம் எழுதிக்கிறோம், உனக்குத் தரைத்தளம்" என்றார்கள். அதன்பின் நான் வாய் திறக்கவில்லை. என் ஜனங்களிடமும் சொல்லவில்லை. முதலில் போட்டவள் என் மனைவி. நான் நீட்டியதால் படிக்காமல் போட்டாள்.

இப்படிக்கு,
ச. அசோகன்

பொன்மணி, படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன்; இதற்குக் கீழே உள்ளதை அவர்களுக்கு வாசிக்காதே. மேலே உள்ளதை இங்கே எல்லோர் முன்னாலும் படித்துவிட்டேன். எதிர்வீட்டுத் தேவானை செருப்பைக் கழற்றினாள். "இன்னா மன்சன்யா நீ" என்று கேட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அடித்திருக்கலாம்.

நம் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனாய்?