என் பெயரைச் சொல்லி விற்ற வேன்

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு மாதிரிப் புட்டியைத் திறந்தேன். கருகிய எண்ணெயோடு லேசாக ஓர் இனிப்பு வாசம். ரேடியேட்டர் தண்ணீரில் ஊற்றுகிற மருந்தின் வாசம் அது. அதன்பிறகு வேலை ஓடவில்லை. நீங்கள் மவுத்தாகி, உங்களை அடக்கம் செய்து இத்தனை காலமாகியும், என் அண்ணனே, நானா, ஒரு புட்டிக்குள் இருந்துகொண்டு என்னைக் கோபப்படுத்த உங்களால் முடிகிறது.

எழுபத்தைந்தில் போர் முடிந்த பிறகு சொந்தக்காரர்கள் காரைக்காலுக்குக் கப்பலேறியபோது, உம்மா இந்த ஊர்க்காரி என்பதால் நாம் வியட்நாமில், துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யிலேயே தங்கிவிட்டோம். வாப்பாவின் துணிக்கடை புது ஆட்சியில் பறிபோயிற்று. நீங்கள் சோலோன் பட்டறை ஒன்றில் டீசல் எஞ்சின் பிரித்துக் கற்றுக்கொண்டீர்கள். நான் ரசாயனம் படித்து, துறைமுக இயந்திரங்களின் எண்ணெயைச் சோதிக்கும் வேலைக்குப் போனேன். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சிரிப்பீர்கள்.

"நாலு சொட்டு எண்ணெயை வச்சு ஜோசியம் பாக்குறவ. நான் கையால தொட்டே சொல்லிடுவேன்."

நீங்கள் கெட்டிக்காரர்தான். அதை நான் என்றும் மறுத்ததில்லை. அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

உங்கள் பழைய டீசல் வேனை விற்க நினைத்தீர்கள். எண்ணெயைச் சோதித்துக் காட்டினால்தான் எடுப்பேன் என்று வாங்க வந்தவர் சொல்லியிருக்கிறார். ஒரு புட்டியோடு என் மேசைக்கே வந்து நின்றீர்கள். டெட் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்னால் மாற்றிய எண்ணெய், மாதக்கணக்கில் ஓடியது என்றீர்கள்.

பார்வைக்குக் கறுப்பாகத்தான் இருந்தது. பழைய டீசல் எஞ்சினில் புது எண்ணெய் ஒரே நாளில் கறுத்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடிவு வந்ததும் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"இரும்பு எவ்வளவு கம்மி பாத்தியா? எஞ்சின் தேயவே இல்ல" என்றீர்கள், தாளை எட்டிப் பார்த்து.

"இரும்பு மட்டுமில்ல நானா, கரியும் ரொம்பக் கம்மி. எண்ணெயில சேக்குற மருந்து கொஞ்சங்கூடக் குறையல. மாசக்கணக்கா ஓடுன எண்ணெய் இப்படி இருக்காது. இது நேத்து ஊத்துனது."

நீங்கள் தாளைத் தள்ளிவைத்தீர்கள்.

"அது போகட்டும். சோடியத்தப் பாருங்க, பொட்டாசியத்தப் பாருங்க. ரெண்டும் சேந்து ஏறியிருக்கு. ரேடியேட்டர் தண்ணி எண்ணெய்க்குள்ள எறங்குது. ஒரு நாள் எண்ணெயிலேயே இவ்வளவுன்னா, ஒழுக்கு சின்னது இல்ல. இப்படியே ஓட்டினா பேரிங் தின்னுடும், எஞ்சின் நடுரோட்டுல இறுகிடும். பிரிச்சுச் சரி பண்ணாம வித்துடாதீங்க."

"சரி புள்ளே, விக்கல" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனீர்கள். நம்பினேன். நானா சொன்ன சொல்லாயிற்றே.

அந்த வாரமே விற்றீர்கள். வாங்கிய துவான் என்பவர், கடலோர வுங் டாவிலிருந்து சோலோன் சந்தைக்கு மீன் ஏற்றுகிறவர். ஒரு மத்தியான வேளையில் எஞ்சின் இறுகி வேன் பாலத்து ஏற்றத்தில் நின்றது. பின்னால் வந்த லாரி மோதியது. துவானுக்குச் சிராய்ப்புதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

மருத்துவமனையிலிருந்து நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார் அந்த மனிதர். கத்தவில்லை. அக்கா என்கிற அர்த்தத்தில் என்னைச் 'சி' என்றே கூப்பிட்டார். "சி, நீங்க சோதிச்சு நல்லாருக்குன்னு சொன்னதா உங்க அண்ணன் சொன்னாரு. அதை நம்பித்தான் எடுத்தேன்."

உங்கள் பட்டறைக்கு ஓடி வந்தேன். ஏதோ ஒரு எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தீர்கள். எழுந்திருக்கக்கூட இல்லை.

"பழைய வண்டின்னா அப்படித்தான். வாங்குனவனுக்குக் கண்ணு இல்லையா?"

"என் பேர ஏன் சொன்னீங்க?"

"உன் பேரச் சொன்னாத்தான் நம்புவான்."

ஆயுசு முழுக்க ஜோசியக்காரி என்று சிரித்தீர்களே, என் சொல்லுக்கு என்ன மதிப்பென்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எடுத்து விற்றிருக்கிறீர்கள். அன்று படியிறங்கியவள், நீங்களாகக் கூப்பிடும்வரை உங்கள் வாசல் மிதிக்கவில்லை. துவானிடம் போய், ஆய்வகப் பதிவிலிருந்த உண்மையான முடிவைக் காட்டினேன். அவர் மனைவி கோலூன்றி நடக்கப் பழகும்வரை அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது சொல்லியனுப்பினீர்கள். வந்தேன். மன்னிப்புக் கேட்பீர்கள் என்றுதான் வந்தேன். "வேலைக்கு இன்னும் போறியா?" என்றீர்கள். போகிறேன் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அவ்வளவுதான்.

அடக்கத்துக்குத் தூக்கிப்போகும் சந்தூக்கில் உங்களை வைத்த பிறகு, வழக்கப்படி மாமா வாசலில் நின்று, தமிழில் ஒருமுறையும் வியட்நாமிய மொழியில் ஒருமுறையும் கேட்டார்: "இவரு யாருக்காச்சும் தீங்கு செஞ்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சுடுங்க." கூட்டத்தின் ஓரத்தில் துவானும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். அவள் கோலை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, மன்னித்தோம் என்று தலையசைத்தாள். மாமா என் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள்.

அவள் மன்னித்தது அவள் இடுப்புக்காக. என் பெயரை விற்றதற்காக அவளால் மன்னிக்க முடியாது, நானா. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அல்லாஹ் உங்களை மன்னிக்கட்டும் என்று கையேந்துகிறேன். நான் மன்னித்தேன் என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.