பாகு பார்க்கும் வாய்

தை 4, திங்கள்

காலையில் நல்ல பனி. ஆலை ஓடத் தொடங்கியாயிற்று. முற்றிய கரும்பு இன்னும் பாதி வயலில் நிற்கிறது.

என் வீட்டுக்காரருக்குப் பல்வலி. இடது பக்கம், கீழ்க் கடைவாய். கிராம்பு வைத்தும் கேட்கவில்லை. ஆனாலும் பாகுப் பதம் இவர்தான் பார்க்க வேண்டும். துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டுகிறார், வாயில் போட்டுக் கடிக்கிறார். பொழுதுக்கும் அதே வேலை. ஒவ்வொரு தடவையும் கண் சுருங்குகிறது.

"வேற யாராச்சும் பாக்கட்டுமுங்க" என்றேன்.

"பதம் தப்புனா வெல்லம் ஒழுகிப் போயிரும். நீ போ அம்மிணி."

மகள் பாவாயிக்குப் பாவாடை தைக்க வேண்டும். உப்பு தீர்ந்துவிட்டது. எடுத்த வேலை எதுவும் முடியவில்லை. ஆலைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

தை 6, புதன்

வெயில். மாமியார் ஆள் அனுப்பி, வாழப்பாடிப் பக்கத்துப் பல்லுக்காரியை வரவழைத்தார். பல்லில் பூச்சி விழுந்திருக்கிறதாம்.

காய்ச்சிய இரும்பில் கண்டங்கத்திரி விதையைத் தூவி, எண்ணெய் விட்டு, ஓட்டைச் சிரட்டையால் மூடினாள். ஓட்டையில் ஒரு குழல். புகையை இவர் வாயில் வாங்கினார். கண்ணெல்லாம் நீர். பிறகு சிரட்டையைத் தண்ணீரில் கழுவினாள். வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புழுக்கள் மிதந்தன.

"பாத்தியா சாமி, அத்தனையும் உங்கப்பன் வாயில இருந்தது" என்று பாவாயிக்குக் காட்டினார் மாமியார். குழந்தை வாயைப் பொத்திக்கொண்டது.

வலி குறைந்ததாம். இவர் உடனே ஆலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் சமாதானமில்லை. அத்தனை புழு ஒரு பல்லுக்குள் எப்படி இருந்திருக்கும்?

தை 7, வியாழன்

வேலியோரம் கண்டங்கத்திரி நிறையக் கிடக்கிறது. பழுத்த காய் பறித்து விதை எடுத்தேன். எல்லோரும் ஆலையில். அடுப்பில் கரண்டியைக் காய்ச்சி, விதை தூவி, எண்ணெய் விட்டு, சிரட்டையால் மூடினேன். யார் வாயும் பக்கத்தில் இல்லை.

கழுவினேன். அதே புழுக்கள்.

ஒன்றை நகத்தில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். விதை வெடித்து வெளியே வந்த முளை. புழு இல்லை.

பல்லுக்காரி இன்னும் ஊரில்தான் இருந்தாள். போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை. "எங்கம்மா காட்டிக் குடுத்ததும்மா. பூச்சின்னுதான் நானும் நெனச்சிருந்தேன். வலி நிக்குதேம்மா" என்றாள்.

மாமியாரிடம் சொன்னதுதான் வம்பு. "வலி நின்னுச்சா இல்லியா? அதச் சொல்லு" என்று ஒரே பிடி. இவரும் பக்கத்தில் நின்றார். கன்னத்தைத் தடவியபடி ஆலைக்குக் கிளம்பினார்.

தை 8, வெள்ளி

இவர் கன்னம் வீங்கிவிட்டது. விடிந்ததிலிருந்து காய்ச்சல். வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை.

சேலம் போகலாம் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். பாகு காயும் கொப்பரைப் பக்கம் கையைக் காட்டினார். மாமியார் மறுபடி புகை போடலாம் என்கிறார். கொழுந்தனாரிடம், "பதம் நீங்க பாருங்க, நான் இவரைக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். இந்த வீட்டில் நான் இப்படிப் பேசியது இதுவே முதல்.

தை 9, சனி

மாட்டு வண்டியில் ராசிபுரம். அங்கிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ். மேட்டில் மூச்சு முட்டி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். இவர் என் தோளில் சாய்ந்தபடி கண் திறக்கவில்லை. உடம்பு கொதித்தது. சேலம் வருவதற்குள் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்ததுமே கோபித்தார். சீழ் கழுத்துக்கு இறங்கப் பார்த்ததாம். "அப்புறம் மூச்சே அடைச்சிரும்மா." கீறிச் சீழ் எடுத்து, பல்லையும் பிடுங்கினார்கள். வெளியே நின்று சத்தம் கேட்டேன்.

பிறகு கேட்டேன், பூச்சி இல்லையென்றால் பல் ஏன் கெட்டது என்று.

"இனிப்பு பல்லுல ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமி அதைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்புதான் அரிக்குது. ஒரே தடவையா தின்னுட்டு வாய் கொப்புளிச்சா பரவால்ல. நாள் பூரா கொஞ்சங்கொஞ்சமா தின்னா, பல்லு தேற நேரமே இல்ல."

நாள் பூரா. கொப்பரைக்குப் பக்கத்தில் இவர் நிற்பது கண்ணுக்குள் வந்தது.

தை 10, ஞாயிறு

இன்று அனுப்பிவிட்டார்கள். வெந்நீர், உப்பு, கொப்புளிக்க வேண்டும். வீக்கம் வடிகிறது. பஸ்ஸில் இவர் கேட்ட முதல் வார்த்தை: "பாவாயி பல்லப் பாத்தியா?"

வந்ததும் அவளை வெயிலில் உட்கார்த்தி வாயைத் திறக்கச் சொன்னேன். மேல் முன்பல் நான்கிலும் ஓரத்தில் காவி நிறம். ஒன்றில் குழி. தூங்கும்போது சப்ப, துணியில் வெல்லம் முடிந்து கொடுப்பது இந்த வீட்டு வழக்கம். நானும்தான் கொடுத்தேன்.

"பால் பல்லுதான, உழுந்துரும்" என்றார் மாமியார். இனி அந்தத் துணி கிடையாது என்றேன்.

தை 13, புதன்

மேகமூட்டம். மழை வந்தால் ஆலை நிற்கும். இவர் கொப்பரைக்குத் திரும்பிவிட்டார். பதத்தை இப்போது விரலில் மட்டும் பார்க்கிறார். ஒரு கொப்பரை வெல்லம் இறுகாமல் இளகிவிட்டது. கொழுந்தனார் முணுமுணுப்பு. இவர் கேட்டுக்கொள்ளவில்லை.

பாவாயி துணிக்காக இன்னும் அழுகிறாள். மடியில் போட்டு ஆட்டினேன்.

சாயங்காலம் மாமியார் சொம்பில் தண்ணீரோடு கிணற்றடிக்கு வந்தார். யாருமில்லையே என்று சுற்றிப் பார்த்தார்.

"அம்மிணி, இந்தப் பக்கம் மெல்லவே முடியறதில்ல. பாவாயி அப்பன் பொறந்ததுல இருந்தே அப்படித்தான். யாருகிட்டயும் சொன்னதில்ல."

முந்தானையை விலக்கி வாயைத் திறந்தார். மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பச் சொன்னேன்.