கரடியின் கழுத்துக் கொக்கிகள்

மார்ச் 3, செவ்வாய்

அவர் போய்ப் பதினேழு நாள். கரடி உடுப்பு மூலையில் மூட்டையாகக் கிடக்கிறது. துவைக்கவில்லை. அவர் வியர்வை வாடை அதில்தான் மிச்சம்.

கிளப் மேனேஜர் போன் பண்ணினார். "பதினாலாம் தேதி சனிக்கிழமை மேட்ச்சும்மா. கரடி இல்லாம டீம எப்படி இறக்குறது? துவைச்சுக் குடுத்துடுங்க."

மார்ச் 4, புதன்

பேப்பரில் 'கரடிகள் மீண்டும் தோல்வி'. அது டீம் பேர். அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு, ஜனத்தைச் சிரிக்க வைக்க மைதானத்தில் குட்டிக்கரணம் போட்ட கரடி இவர். வீட்டில் கதை அளந்தால், "கரடி விடாதீங்க" என்பேன். "கரடி வேற என்னத்தடி விடும்?" என்பார். சின்னவள் கட்டிக்கொண்டு தூங்கும் பஞ்சுப் பொம்மையும் கரடிதான்.

கிளப் வாசல் பலகையில் 'எங்கள் கரடிக்கு அஞ்சலி'. அவர் பேர் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

எழுதித்தான் ஆகணும். போன வருஷம் ஆடும்போது கரடித் தலை கழன்று விழுந்தது. பிள்ளைகள் வீரிட்டு அழுதன. ஜனம் பார்க்கத் தலையைக் கழற்றவே கூடாது என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். "பின்னாடி இறுக்கமா கொக்கி வைடி" என்றார். நாலு கொக்கி தைத்தேன். நான்தான் தைத்தேன். அந்தத் தடித்த கையுறையோடு அவருக்கு அது எட்டாதே — ஏன் யோசிக்கவில்லை?

நெஞ்சு வலித்து விழுந்தவரைப் பார்த்து, வேடிக்கை காட்டுகிறார் என்று கை தட்டினார்களாம். கரடித் தலைக்குள்ளிருந்து வழி தெரியாது. கையைப் பிடித்து நடத்துவது கொழுந்தன்தான். அவனைக் கேட்கணும். கொக்கிதான் கழலவில்லை என்று சொல்லிவிட்டால்?

மார்ச் 7, சனி

கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். கேட்டேவிட்டேன். "கொக்கி மாட்டிக்கிச்சா? மறைக்காம சொல்லு."

"மைதானத்துல நான் கொக்கியத் தொடவேயில்ல அண்ணி. எல்லாரும் பாக்குறாங்களேன்னு ரூமுக்கு இழுத்துட்டுப் போனேன். அங்க டக்குனு கழண்டுச்சு. ஆனா மூச்சு..."

"பாவி! அண்ணன விட ரூல் பெருசாடா?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. என் கொக்கி இல்லை என்று நிம்மதியும் வந்தது. சீ, என்ன பொம்பளை நான்.

போகும்போது சொன்னான்: "சனிக்கிழமை என்னையத்தான் போட்டுக்கச் சொல்றாங்க."

மார்ச் 10, செவ்வாய்

துவைத்தேன். மூன்று தண்ணீர். வாடை போய்விட்டது.

மார்ச் 12, வியாழன்

கொக்கி நாலையும் பிரித்தேன். தொண்டைக்கு நேரே, முன்னால், இழுத்தால் பிரியும் ஒட்டும் பட்டை தைத்தேன். கொழுந்தனைக் கூப்பிட்டு மாட்டவைத்து, கையுறையோடு கழற்றச் சொன்னேன்.

"பத்துத் தடவ ஆச்சு அண்ணி."

"இன்னொரு தடவ."

உடுப்பை வாங்க வந்த மேனேஜர் முகம் சுளித்தார். "பட்டை வெளிய தெரியுதேம்மா."

"தெரியட்டும். இல்லேன்னா உடுப்பு வராது."

மார்ச் 14, சனி

சின்னவளோடு போனேன். இடைவேளையில் கரடி நடு மைதானத்தில் நின்றது. தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தது.

"ஐ, சித்தப்பா!" என்று கத்தினாள்.

ஒரு பிள்ளையும் அழவில்லை.