போனவர்களையும் எண்ணும் நிரல்

மார்ச் 2, திங்கள்
வட்டமாக மனிதர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றாமவர் வெளியே. இப்படியே போனால் கடைசியில் மிஞ்சுபவர் யார்? கணினி வகுப்புக்காக நான் எழுதிய நிரல் சரியான விடைதான் சொல்கிறது. ஆனால் ஐம்பது லட்சம் பேரைக் கொடுத்தால் நகரவே மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அது பத்து விநாடியில் முடிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நிலை வகுப்பில் இடம் கிடையாது.

பக்கத்தில் உட்காரும் பல் டாக்டருக்குச் சிரிப்பு. "மேடம், உங்க புரோகிராம் முடியறதுக்குள்ள நான் ரெண்டு பல்லு புடுங்கிடுவேன்."

நல்லவேளை, என்னுடையவை எல்லாம் சொந்தப் பல்.

மார்ச் 3, செவ்வாய்
ஆசிரியை என் மகளைவிடச் சின்னவள். திரையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "வெளிய போனவங்களையும் ஏன் மேடம் ஒவ்வொரு சுத்துலயும் போய்ப் பார்க்கறீங்க?"

பதிவேட்டில் பெயரின் மேல் கோடு போடலாம், அழிக்கக் கூடாது. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பழக்கியது. நிரலையும் அப்படியே எழுதியிருக்கிறேன். இதில் என்ன தப்பு?

மார்ச் 4, புதன்
சரி, அழித்தேன். இப்போது விடையே தப்பு. மேஜையில் ஏழு கோப்பைகளை வட்டமாக வைத்து எண்ணினால் நான்காவது மிஞ்சுகிறது. கணினி, முதலாவது என்கிறது. ஆசிரியையைப் போனில் பிடித்தேன். ஒருவரை அழித்ததும் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஓரிடம் முன்னால் வந்துவிட, எண்ணிக்கை ஒருவரைத் தாண்டிப் போய்விடுகிறதாம். யார் வரச் சொன்னது?

அப்புறம் மகளிடமிருந்து போன். "எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்? பேசாம எங்கிட்ட வந்து இரேன்."

"வகுப்பு இருக்கு, வர முடியாது" என்றேன். வகுப்பும் இல்லையென்றால் இவளிடம் என்ன சொல்லித் தப்பிப்பேன்? இந்த வீட்டில்தான் இருப்பேன் என்று சொன்னால் விடுவாளா?

மார்ச் 5, வியாழன்
அழித்தாலும் தப்பு, அழிக்காவிட்டாலும் தப்பு. பிறகு என்னதான் செய்வது!

மாலை — வெளியே போக வேண்டிய கோப்பையை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முந்தைய கோப்பையின் காதை மட்டும் அதைத் தாண்டி அடுத்ததன் பக்கம் திருப்பி வைத்தேன். ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்தவர் யார் என்று தெரிந்தால் போதாதா? போனவரை அழிக்கவும் வேண்டாம், அவரிடம் போய் நிற்கவும் வேண்டாம். அப்படியே எழுதிப் பார்த்தேன். ஏழு பேருக்கு நான்கு! இவ்வளவுதானா? நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி
ஆறு விநாடி. பல் டாக்டருடையது எட்டு. சிரித்தேன், கொஞ்சம்தான்.

அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்தபோது, அவசரமென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஆசிரியை கேட்டாள். கடகடவென்று என் கணவரின் எண்ணைச் சொல்லிவிட்டேன். அவர் போய் இரண்டு வருடமாகிறது. அது அவளுக்கும் தெரியும். எழுதாமல் காத்திருந்தாள்.

மகளின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. போனைத் திறந்து, பார்த்துச் சொன்னேன்.