மண்ணெண்ணெய்க் காரின் முன் சீற்

அளம்பில்
18.02.2008

அன்பின் அண்ணா,

இந்தக் கடிதத்தை வேலைத்தளத்தில் பிரிக்காதீர்கள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வாசியுங்கள். தாயும் பிள்ளையும் சுகம் என்று அப்பா தொலைபேசியில் சொன்னதில் பாதிதான் உண்மை. பிள்ளை சுகம். பெண் பிள்ளை, இரண்டேமுக்கால் கிலோ, முகத்தில் உங்களுடைய நாடி. பிறின்சி அண்ணி இல்லை. தை இருபத்தாறாம் திகதி போய்விட்டா.

அப்பாவால் அதைச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியவளும் நான்தான்.

நீங்கள் கட்டாருக்குப் போன பிறகு இங்கே தடையால் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. அதனால் சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, குழாயை டாஷ்போர்ட் ஓட்டையால் எஞ்சினுக்குக் கொடுத்து, சொட்டுச் சொட்டாக இறக்கி ஸ்ராட் பண்ணுவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முன் சீற்றில் இருப்பவர்தான் போத்தலைப் பிடிக்க வேண்டும். அது பழகிவிட்டது, யாரும் இப்போது பயப்படுவதில்லை.

இருபத்துமூன்றாம் திகதி காலையில் அண்ணிக்கு வலி தொடங்கியது. வீரபாகு அண்ணையின் கார்தான் கிடைத்தது, ஓட்டியதும் அவர்தான். அண்ணியின் அம்மா, இராசமலர் மாமி, பின்னால் ஏறினா. நான் முன்னுக்கு ஏறியிருக்க வேண்டும். ஆம்பிளைக்குப் பக்கத்தில் இருக்கக் கூச்சப்பட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி கண்டுவிட்டா. நீங்கள் பின்னால அம்மாவோட இருங்கோ மச்சாள், எனக்குக் கால் நீட்ட முன்னுக்குத்தான் வசதி என்று சொல்லி, வயிற்றைப் பிடித்தபடி ஏறினா.

உடுப்புக்குளம் தாண்டியதும் கார் ஒரு பள்ளத்தில் குலுங்கி நின்றது. திரும்பவும் பெற்றோல் இறக்க வேண்டியதாயிற்று. குழாய் கழன்று பெற்றோல் அண்ணியின் மடியில் ஊறியிருந்ததை யாரும் காணவில்லை. ஆனால் காருக்குள் மணம் நிறைந்துவிட்டது. நான் இரசாயனம் படித்தவள். அந்த ஆவி என்ன செய்யும் என்று வகுப்பில் படிப்பிக்கிறவள். மணக்குது என்று மெதுவாகச் சொன்னேன். பெற்றோல் மணக்காமல் மல்லிகைப்பூவே மணக்கும், பட்டதாரிப் பிள்ளை? என்று வீரபாகு அண்ணை சிரித்தார். மாமியும் சிரித்தா. வலியோடு அண்ணியும் சிரித்தா. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் ஒருதரம் தும்மியது. குழாய் வழியாக நெருப்பு உள்ளே வந்தது.

நானும் மாமியும் பின்கதவால் இறங்கிவிட்டோம். எங்களுக்கு ஒரு மயிரும் கருகவில்லை. அண்ணியின் பக்கத்துக் கதவுக்கு உள்ளே கைபிடி இல்லை, வெளியால்தான் திறக்கலாம். வீரபாகு அண்ணை சுற்றி ஓடிவந்து திறந்தார். அவருடைய கைகள் இரண்டும் வெந்துபோயின. நான் பக்கத்தில்தான் நின்றேன், அண்ணா. என் கைகள் அசையவில்லை.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். நாலாம் நாள் அண்ணிக்கு நினைவு வந்தது. உங்களுக்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே மச்சாள் என்று கேட்டா. பிள்ளைக்கு நீங்கள்தான் ஞானத்தாய் என்றா. மாமி கேட்டுக்கொண்டு நின்றா. அன்று பின்னேரம் அண்ணி போய்விட்டா.

உடலைக் கொண்டுவரக் கிடைத்ததும் ஒரு மண்ணெண்ணெய் வான்தான். இப்பவாவது முன்னுக்கு ஏறு பிள்ளை என்று மாமி சொன்னா. ஏறினேன். அளம்பில் வரும்வரை போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீரபாகு அண்ணையின் மகன் காருக்குப் புதுக் குழாய் போட்டு ஓடுகிறான். ஊருக்கு வேறு கார் இல்லை. படிச்ச பெட்டையின்ரை வெட்கத்துக்கு ஒரு உயிர் என்று கிணற்றடியில் கதைக்கிறார்கள். நான் காதில் விழாதது போல வாளியை நிரப்பிக்கொண்டு வருவேன். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை.

உயிர்த்த ஞாயிறன்று ஞானஸ்நானம். செத்தவளின் சொல்லை மீறமாட்டேன் என்கிறா மாமி. ஆனால் நான் தொட்டிலடிக்குப் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிறா. ஞானத்தாய் யார் என்று நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். வேறு யாருடைய பெயரை எழுதினாலும் நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

மாதா உங்களைக் கைவிடமாட்டா. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் பதில் வரும்வரை பிள்ளையை நான் தூக்கமாட்டேன், அண்ணா.

தங்கை
யூலிற்றா