நாற்பத்திரண்டு தலைமையாசான்களும் உறங்காத பகல்

நலம் பெருகுக. பள்ளித் தலைமையாசான்கள் நாற்பத்திருவரை ஒரே மண்டபத்தில் அமர்த்தி, மதிய உணவுக்குப் பின்னும், பொழுது சாயும்வரை, ஒருவர் கண்ணும் மூடாமல் பயிற்சி கொடுத்த நாடு இவ்வுலகில் இதற்கு முன்னும் இருந்ததில்லை, இனியும் இருக்கப்போவதில்லை என்னும் பெரும்புகழ் படைத்த கழைவள நாட்டை ஒரு குடைக்கீழ் ஆண்டருளும், பகைவரைப் போரிலும் புலவரைப் பொறுமையிலும் வென்ற மாமன்னர் கழைவேந்தர் ஆணைப்படி, உப்பும் முத்தும் ஒருங்கே விளையும் நெடுந்துறை நாட்டின் கல்வி அமைச்சர் பூவணத்தி அம்மையார் திருமுன்பு, பணிக்கு ஓய்வு கொடுத்தும் வாய்க்கு ஓய்வு கொடாத முன்னாள் கல்வி அமைச்சன் மருதங்குறிச்சிக் கோவேள் விடுக்கும் ஓலை. உங்கள் கடல் வற்றாதிருக்க. உங்கள் பள்ளிக் கூரைகள் ஒழுகாதிருக்க. உங்கள் தலைமையாசான்கள் நெடிது வாழ்க. அவ்வப்போது விழித்தும் வாழ்க.

இவ்விடத்தில் அம்மையார் ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார் என்பது எழுதுவோன் அறியாததன்று. உங்கள் நாட்டிலும் பயிற்சி உண்டு. அங்கும் நடுப்பகலில் சோறு போடுகிறார்கள். ஆயினும் நடந்தது நடந்ததே. ஞாயிறே அன்று மேற்கே போக மனமின்றி, ஒரு நாழிகை மண்டபத்தின் உச்சியில் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தது.

எங்கள் பயிற்சி பழைய நாளில் நடந்த விதம் இது. அறுவடை முடிந்ததும் நாட்டிலுள்ள நாற்பத்திரண்டு பள்ளிகளின் தலைமையாசான்களும் தலைநகருக்கு வருவார்கள். 'பள்ளி ஆளுகை நூற்றெட்டு விதி' என்னும் நூலை ஒருவர் உரக்க வாசிப்பார். ஏழாம் விதியில் முதல் கொட்டாவி, பதினைந்தாம் விதியில் முதல் குறட்டை. பனையடியூர் ஏகம்பனார் குறட்டை விட்டால் வாசல் மாமரத்தில் காய் நில்லாது. மாலையில் எழுப்பி ஆளுக்கொரு சால்வை போர்த்தி அனுப்புவார்கள். சென்ற ஆண்டு மன்னர் யாருக்கும் சொல்லாமல் பார்வையிட வந்தார். வாசிப்பவர் உட்பட எல்லோரும் உறங்கக் கண்டார். இந்த இடத்தை யானைகளுக்குக் கொடுத்தால் அவை நின்றுகொண்டாவது உறங்கும் என்று அருளிச்செய்து திரும்பினார்.

அதன்பின் பிறந்தது ஆணை. இவ்வாண்டுப் பயிற்சியே கடைசித் தவணை. பொழுது சாயுமுன் ஒரு தலைமையாசான் உறங்கினாலும் பயிற்சி மண்டபம் யானைக் கொட்டிலாகும்.

மண்டபத்தின் தலைவி தாழைநங்கையார் பத்தொன்பது ஆண்டாக அதை நடத்தி வருபவர். தலைமையாசான் என்பவர் தம் ஊரில் எல்லாம் தெரிந்தவராக உட்கார்ந்திருக்க வேண்டியவர். தெரியாத ஒன்றைக் கேட்க அவருக்கு அங்கே ஆள் கிடையாது. தம்மைப் போன்றவர்களோடு ஆண்டுக்கு ஒருநாள் கூடும் இந்த ஓரிடமும் போய்விட்டால், தெரியாததை அப்படியே வைத்துக்கொண்டு ஓய்வு பெறுவார்களே என்று நங்கையார் அஞ்சினார். ஓய்வு பெற்றவர் பலரை எழுதுவோன் அறிவான்; அந்த அச்சம் சரியானதே.

உறங்குவோரை எண்ணிச் சொல்ல மன்னர் அனுப்பியவர் ஓலைநாயகம் காடவன் விழுப்பரையர். இந்நாட்டில் எந்த அரச ஓலையும் அவர் அடியில் சான்றெழுத்து இடாமல் வெளியே போகாது. பிறந்த அன்றே, தாம் பிறந்ததற்குச் சாட்சி யார் என்று மருத்துவச்சியைக் கேட்டவர் அவர். நாற்பத்திருவர் விழித்திருப்பது நடவாத காரியம் என்று அரசவையில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டே வந்தார்.

பயிற்சி நாளன்று விடிந்ததும் விடியாததுமாக யானைப்படைத் தலைவர் மத்தகராயர் கயிறும் கையுமாக வந்து நின்றார். "நீங்க பாட்டுக்குப் பாடம் நடத்துங்கம்மா. நான் வாசல மட்டும் அளந்துட்டுப் போயிடறேன்" என்றார். பின்னால் பட்டத்து யானை தன் புது வீட்டை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

நங்கையார் நூற்றெட்டு விதி நூலைப் பெட்டியிலிருந்து எடுத்தார். கையோடு வந்தது இரண்டு பலகையும் ஒரு கயிறும் மட்டுமே. இடையிலிருந்த ஓலை அத்தனையும் கறையான் தின்றிருந்தது. அந்நூலை முழுவதுமாக உட்கொண்ட முதல் உயிர் அதுவே. எதிரே நாற்பத்திரண்டு பேர். கையில் பாடம் இல்லை. பக்கத்தில் விழுப்பரையர் எழுத்தாணியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் தலைமையாசானைப் பற்றி மனத்தில் பட்டதை ஓலையில் எழுத வேண்டும். தலைமையாசான் அதைப் படிக்காமல் கட்டி, அரக்கு முத்திரை இட்டுத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். தலைநகரில் ஒருவர் அதைப் படிக்க வேண்டும். இது பழைய அரசியார் ஒருவர் வகுத்தது. முதலிரண்டும் பிசகாமல் நடந்தன. படிக்க வேண்டியவர் யார் என்று சொல்லாமல் அரசியார் காலமாகிவிட்டார். கட்டுகள் பயிற்சி மண்டபத்து மூலையில் மலைபோல் குவிந்தன. தலைமையாசான்கள் வந்தவுடன் தத்தம் பள்ளிக் கட்டைத் தேடி எடுத்துத் தலையணையாக வைத்துக்கொள்வார்கள். சொந்த ஊர்க் கட்டுத்தான் கழுத்துக்கு ஒத்துவருகிறது என்பது ஏகம்பனாரின் அனுபவம். ஆண்டுதோறும் புரட்டிப் புரட்டிப் படுத்ததால் அவற்றைக் கறையான் தொடவில்லை.

அன்றும் ஏகம்பனார் தம் கட்டைத் தட்டிச் சரிசெய்து சாயப் போனார். நங்கையாரின் பார்வை அதில் விழுந்தது.

"ஏகம்பனாரே, அந்தக் கட்ட இப்படிக் குடுங்க."

முத்திரையை உடைத்தார். மேலிருந்த ஓலையை எடுத்து, விதி வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்: "எங்க பெரியாசான் ரொம்ப நல்லவரு. பாடம் நடக்கும்போது தூங்குனா எழுப்ப மாட்டாரு. நாங்களும் அவர எழுப்ப மாட்டோம்."

பதினொரு பயிற்சிகளில் சேர்த்து வைத்த உறக்கம் அத்தனையும் ஏகம்பனாருக்கு அந்நொடியில் தெளிந்தது. மற்ற நாற்பத்தொருவரும் தத்தம் தலையணையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எழுந்து போகலாம் என்றால் வாசலை யானை அடைத்துக்கொண்டு நின்றது.

நங்கையார் அடுத்த கட்டை அவிழ்த்தார். "பின்னக் கணக்கு எங்க ஆசான் சுவரப் பாத்துச் சொல்லுவாரு. சுவருக்கு இப்ப நல்லா வரும்." அடுத்தது: "எங்க தலைமையாசான் வர்றதுக்கு முன்னாடி அவரு செருமல் வரும். செருமல் கேட்டா வாத்தியாருங்க எல்லாம் பாடம் நடத்துவாங்க. அவரு போனதும் பழையபடி ஊர்க்கதை." உரியவர் செரும வந்ததை விழுங்கிக்கொண்டார். நாணலூர்த் தலைமையாசிரியை குயிலாண்டாள் அம்மையாரைப் பற்றி ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "அம்மா எங்கள கேள்வி கேளுங்கன்னு சொல்லுவாங்க. கேட்டா இதுகூடத் தெரியாதான்னு கேப்பாங்க. தெரியாமத்தானே கேட்டோம்."

முன்பகல் முழுவதும் இப்படியே போயிற்று. எந்தக் கட்டு எப்போது அவிழும் என்று தெரியாமல் அமர்ந்திருந்த ஒருவரும் இமைக்கக்கூட இல்லை. இரு ஈக்கள் ஒருவர் கண்ணுக்குள் குடியிருந்துவிட்டுப் போனதாகக் கேள்வி. விழுப்பரையர் மட்டும் அசையவில்லை. இது பயமே அன்றிப் பயிற்சி அன்று என்றும், பயம் சோற்றோடு தீர்ந்துவிடும் என்றும், தம் எண்ணிக்கை சோற்றுக்குப் பின்னரே தொடங்கும் என்றும் அவர் நங்கையாரிடம் தெரிவித்தார். அச்சொல் நங்கையாரைத் தைத்தது. அதில் பாதி மெய்யென்று அவருக்கே தெரியும்.

மதிய உணவு மத்தகராயரின் அன்பளிப்பாக வந்தது. வெண்பொங்கல், நெய்யில் மிதந்து. கூடவே உளுந்து வடை, அடுக்கடுக்காக. உறங்க வைக்க இதைவிடச் சிறந்த படைக்கலம் எந்நாட்டுக் கொட்டிலிலும் இல்லை. ஆனால் தலைமையாசான்களின் கண் இலையில் இல்லை, கட்டுகளின்மேல் இருந்தது. ஒரு வாய் உண்டு இலையை மடித்தார்கள். விழுப்பரையருக்கு அந்தக் கவலை இல்லை. நான்கு முறை வாங்கி உண்டார்.

பிற்பகல் தொடங்கியதும் நங்கையார் மீண்டும் ஓர் ஓலைக்கட்டின்மேல் கை வைத்தார். அப்போது குயிலாண்டாள் அம்மையார் எழுந்து நின்றார். முப்பதாண்டுப் பணியில் அவர் பிறரிடம் ஒன்றைக் கேட்க எழுந்து நின்றது அதுவே முதல் முறை.

"நங்கையம்மா, வாசிச்சது போதும். அந்தப் பிள்ள எழுதுனது சரிதான், நான் அப்படித்தான் கேக்குறேன். வேற எப்படிக் கேக்குறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. இங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

ஏகம்பனார் அம்மையாருக்கு எதிரே வந்து, தமக்கும் தெரியாது என்றும், ஆனால் தாம் பிள்ளையாக உட்கார்ந்து கேள்வி கேட்பதாகவும், அம்மையார் பதில் சொல்லிப் பார்க்கட்டும் என்றும் சொன்னார். அவர் கேட்டார். பழக்கதோஷத்தில் அம்மையாரும் இதுகூடத் தெரியாதா என்றார். மண்டபமே சிரித்தது, அம்மையாரும் சிரித்துவிட்டு மறுபடி முயன்றார். ஐந்தாம் முறையில் அவர், எதுவரைக்கும் புரிந்தது சொல், அங்கிருந்து போகலாம் என்றார். அதைக் கேட்டு ஏகம்பனார் தம்மை அறியாமல் இன்னும் மூன்று கேள்வி கேட்டார்.

அவ்வளவுதான். சுவரைப் பார்த்துப் பின்னம் சொன்னவரை எழுப்பி, மீந்த உளுந்து வடைகளை அரையும் காலும் அரைக்காலுமாகப் பிட்டுப் பிட்டுச் சொல்ல வைத்தார்கள். செருமல்காரர், சத்தமில்லாமல் வகுப்புக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்வது எப்படி என்று ஒத்திகை பார்த்தார். ஒருவர் செய்ய, நாற்பத்தொருவர் குறை சொல்ல, சொன்னவரே எழுந்துவந்து செய்துகாட்ட வேண்டும் என்று அவர்களே விதி வகுத்துக்கொண்டார்கள். நூற்று ஒன்பதாம் விதி என்று அதற்குப் பெயர். பயம் எப்போது மண்டபத்தை விட்டுப் போயிற்று என்று நங்கையார் கவனிக்கவில்லை. சன்னலில் தலையை நுழைத்திருந்த பட்டத்து யானை அரைக்கால் விளங்கிய மகிழ்ச்சியில் கண்ணீர் விட்டது.

நங்கையார் திரும்பிப் பார்த்தபோது விழுப்பரையரின் தலை மெல்லச் சாய்ந்து, கையிலிருந்த ஓலையின்மேல் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது. எழுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தார். உறங்கும் பிள்ளையை எழுப்புவதில்லை என்பது பனையடியூர் முறை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு ஒத்திகைக்குத் திரும்பினார்.

பொழுது சாய்ந்தது. யானை பிளிறியது. விழுப்பரையர் துள்ளி எழுந்து, பிற்பகலில் பதினேழு பேர் உறங்கக் கண்டதாக அறிவித்தார். மத்தகராயர் கயிற்றை எடுத்துக்கொண்டு உள்ளே கால் வைத்தார். நங்கையார் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அப்படிங்களா ஐயா. சோத்துக்கு அப்புறம் நாங்க எத்தனை ஓலை வாசிச்சோம்?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஒண்ணுகூட வாசிக்கலையே ஐயா."

நாற்பத்திரண்டு பேரும் விழுப்பரையர் முகத்தையே பார்த்தார்கள். அவருடைய இடக் கன்னத்தில் ஓலையின் நரம்பும் துளையும் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தன. தாம் கண்டதைத் தக்க இடத்தில் எழுதுவதாகச் சொல்லி, கன்னத்தைப் பொத்தியபடி அவர் வெளியேறினார்.

மன்னர் இரு தரப்பையும் கேட்டார். நெடுந்துறை அமைச்சர் தம் தலைமையாசான்களையும் நம் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருப்பதால், நடந்ததை எழுதி அவருக்கே அனுப்புக என்றும், அடியில் விழுப்பரையர் மெய் என்று எழுதினாலும் பொய் என்று எழுதினாலும் ஓலை போய்ச் சேர்க என்றும், அவர் மெய் என்றால் மண்டபம் நிற்கும், பொய் என்றால் யானைக்குப் போகும் என்றும் தீர்ப்பளித்தார். வேலையின்றி இருக்கும் கோவேள் எழுதட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தலைமையாசான்கள் ஊருக்குப் புறப்படுமுன் ஆளுக்கோர் ஓலை எழுதி, அரக்கு முத்திரையிட்டு, ஒரே கட்டாகக் கட்டி விழுப்பரையரின் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாம் அவரைப் பற்றியவை. ஒன்றில் எழுதியிருப்பதை மட்டும் எழுதுவோன் அறிவான், எழுதிய ஏகம்பனாரே சொன்னதால்: "ஐயா, அந்தப் பொங்கலுக்கு அப்புறம் யாரா இருந்தாலும் தூக்கம் வரும். நானும் பதினோரு வருசம் தூங்கினேன். முழிச்சு எழுந்த அன்னைக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. மறுநாள் சரியாயிடுச்சு." நேற்றுக் காலை விழுப்பரையர் அக்கட்டை உள்ளே எடுத்துச்சென்று கதவைச் சாத்தினார். படித்தாரா, தலைக்கு வைத்தாரா, தெரியவில்லை. யானை இன்னும் மண்டப வாசலிலேயே கட்டியிருக்கிறது. நங்கையார் தினமும் உள்ளே பெருக்கி வைக்கிறார்.

ஆதலின் மன்னர் ஆணை இது. மண்டபம் மண்டபமாகவே நிற்குமாயின், வரும் ஆண்டு தை அறுவடை முடிந்த பத்தாம் நாள் தாங்கள் தங்கள் தலைமையாசான்களை அனுப்பி வைக்க. வருவோர் தம் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய ஓலைக்கட்டைப் பிரிக்காமல் கொண்டுவருக. தமக்குத் தெரியாத ஒன்றையும் கூடவே கொண்டுவருக. ஒன்றும் இல்லை என்போர் வர வேண்டா. சால்வை கிடையாது. மதியம் பொங்கலும் கிடையாது.

கழைவேந்தர் ஆட்சியாண்டு இருபத்துமூன்று, மாசி வளர்பிறை ஐந்தாம் நாள் இவ்வோலை எழுதி முடிந்தது. மூங்கில் முத்திரை இட்டது. அடியில் சான்றெழுத்துக்கு ஒரு விரற்கடை இடம் விட்டது.

இவை ஓலைநாயகம் காடவன் விழுப்பரையன் எழுத்து. ஞாயிறு, யானை, ஈ ஆகியன பற்றி மேலே கண்டவற்றுக்கு யான் பொறுப்பல்லேன். தலைமையாசான்கள் நாற்பத்திருவரும் பொழுது சாயும்வரை விழித்திருந்தது மெய். உறங்கினவன் யான் ஒருவனே.