பூ விட்டால் அறுக்கணும்

மார்ச் 4
நாற்றுகளின் வேரை நோய்க் கரைசலில் முக்கி நட்டதில் முக்கால்வாசி மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டன. மாட்டுத் தீவனமான குதிரை மசாலுக்கு வாடல் நோயை நானே கொடுத்து, எது சாகவில்லை என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஆராய்ச்சிப் பண்ணையில் வைத்தால் வேறு வயல் மகரந்தம் கலந்துவிடும். அதனால் பிழைத்தவற்றை வீட்டுக்குப் பின்னால் வலை கட்டி நட்டேன். என் மனைவி வேடிக்கை பார்த்தபடி, "பிள்ளைங்களைக்கூட நீங்க இப்படிப் பொத்தி வளர்க்கலையே" என்றாள். வாய் மட்டும் குறையவில்லை.

போன வருடம் இதே நோய்தான் அவள் தீவனக் காட்டைத் தின்றது. மாடுகளை விற்றுவிட்டு இரண்டை மட்டும் வைத்திருக்கிறாள். சாகாத மசாலின் விதையைக் கண்ணால் பார்க்கணுமாம்.

மார்ச் 19
டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவளுக்குப் புற்று நுரையீரலுக்கும் பரவிவிட்டதாம். இந்த வருடம் தாண்டுவது கஷ்டமாம்.

மாத்திரையை மாற்றியிருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், சீக்கிரம் வாங்க என்று முன்னால் நடந்தாள்.

மே 11
குடி கெட்டது.

மகரந்தம் சேர்க்கத் தேனீப் பெட்டியோடு வந்தால் வலைக்குள் ஒரு பூ இல்லை. அத்தனையும் மாட்டின் முன்னால் கிடக்கிறது. அரிவாளோடு நிற்கிறாள், சந்தோஷமாக.

"பூ விட்டுடுச்சுங்க. இனிமே விட்டா தண்டு முத்திடும். இன்னைக்கு மூச்சும் நல்லா இருந்துச்சு."

தீவனக்காரிக்குப் பூ என்றால் அறுப்பு. விதைக்காரனுக்குப் பூ என்றால் தொடக்கூடாது. இத்தனை வருடம் என்னோடு குப்பை கொட்டியவளுக்கு இது தெரியாதா? தெரியும். பூவைப் பார்த்ததும் கை தானாகப் போயிருக்கிறது.

கத்தினேன். கத்தியதோடு விட்டிருக்கலாம். "அடுத்த பூவுக்கு நீ இருப்பியா?" என்று கேட்டுவிட்டேன்.

அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மே 12
மாட்டுக்கு நானே தண்ணி காட்டினேன். எந்த முகத்தோடு பேசுவது?

மே 14
அவள்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடிக்கட்டை இருக்குங்க, துளிர்க்கும். தினம் அறுக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?" அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதேன். தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 16
துளிர்த்தது மட்டுமில்லை. முன்பெல்லாம் முந்திப் பூத்தது கொட்டிப் போகும், பிந்தியது அப்புறம்தான் மொட்டு வைக்கும். ஒன்றோடொன்று கலக்காது. இப்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்ததால் எல்லாம் ஒன்றாகப் பூத்திருக்கின்றன. தேனீக்குத் தலைகால் புரியவில்லை. படித்த மடையன் எனக்கு இது தோன்றவே இல்லையே!

நாற்காலியை வலையோரம் போட்டு அவளை உட்காரவைத்தேன். "பாத்தீங்களா" என்றாள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

ஜூன் 29
போய்விட்டாள். காய் இன்னும் பச்சை.

ஜூலை 28
காய்கள் பழுத்துவிட்டன. நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கின்றன. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். விதை, மஞ்சளாக, இதுவரை கண்டிராத அளவுக்கு. கையை மூடிக்கொண்டு "இந்தா பாரு" என்று சமையலறைக்கு ஓடினேன். வாசற்படியில்தான் நினைவு வந்தது.

மே 9, மறு வருடம்
அந்த விதையின் நாற்றுகளையும் நோயில் முக்கினேன். இந்த முறை சாய்ந்தவைதான் சொற்பம். நின்றவை வலைக்குள் இருக்கின்றன. இன்று காலை முதல் பூ.

கூரையிலிருந்து அவள் அரிவாளை எடுத்தேன். மூலையிலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல் அறுத்தேன். மாடுகளுக்குப் போட்டேன். இரண்டும் தின்றன.